தபாற்பையிற் சென்ற சதுரங்கம்



1829 ஆம் ஆண்டிலே சென்னைப் பட்டினத்தில் ஆங்கில நூலொன்று அச்சேறி வெளிவந்தது. அக்கால வழக்கப்படி நூலின் உள்ளடக்கம் முழுவதையும் அதன் முகப்பே விரித்துச் சொல்லிவிடுகின்றது. முசியோ காம்பிட் என்னும் சதுரங்கத் தொடக்கம் பற்றிய ஆராய்ச்சி. சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே நடைபெற்ற இரண்டு ஆட்டங்கள். அவற்றின்மேல் இருவர் வரைந்த குறிப்புரை. அவ்விருவருள் ஒருவர் சென்னைச் சிவில் சேவையைச் சேர்ந்த ஜேம்ஸ் கொக்கிரன். மற்றவர் சென்னைவாசியான குலாம் காசிம். சென்னைத் தரப்பின் ஆட்டத்தை நடத்திய பொறுப்பு இவருடையதே என்பதையும் அம்முகப்பு மறவாமற் கூறுகின்றது.

கும்பினியார் ஆட்சி உச்சத்தில் இருந்த காலம் அது. துரைத்தனத்து உத்தியோகத்தர் ஒருவரின் பெயருக்கு முன்னே நம் நாட்டவர் ஒருவரின் பெயர் அச்சிடப்படுவது அந்நாளில் எளிதில் நிகழக்கூடிய காரியமா என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். மகமை கேட்டோ, பதவியைக் காட்டியோ பெற்ற இடம் அன்று அது. அறுபத்து நான்கு கட்டங்களுக்குள்ளே வென்று பெற்ற இடம். அந்த வெற்றியும் நேருக்கு நேர் அமர்ந்து பெற்றதன்று. சென்னையில் இருந்தவர்கள் ஐதராபாத்துக்குக் கடிதம் எழுதினார்கள். ஐதராபாத்தில் இருந்தவர்கள் சென்னைக்கு மறுமொழி எழுதினார்கள். 1828 இல் தொடங்கி 1829 இல் முடிந்த அப்போட்டியின் இரு ஆட்டங்களிலும் சென்னையே வென்றது.

தபால் மூலம் சதுரங்கம் ஆடுவதா என்று சிலர் வியக்கக்கூடும். ஆடும் முறை மிகவும் எளியது. இருவரும் தத்தம் வீட்டிலே ஒவ்வொரு பலகையை விரித்து, காய்களை அடுக்கி வைத்துக்கொள்வர். ஒருவர் தம் முதல் நகர்வை எழுதி அனுப்புவார். கடிதம் கிடைத்ததும் மற்றவர் அந்நகர்வைத் தம் பலகையில் வைத்துப் பார்ப்பார். ஓரிரு நாள் ஆற அமர யோசிப்பார். பின்பு தம் மறுநகர்வை எழுதித் தபாலிற் சேர்ப்பார். பலகை இரண்டு, ஆட்டம் ஒன்று. கடிதம் வழியிலே இருக்கும் நாட்களில் இரு பலகையும் ஒன்றுக்கொன்று சற்று மாறுபட்டு நிற்கும். கடிதம் சேர்ந்த கணத்தில் மீண்டும் ஒன்றாகிவிடும்.

இவ்வாட்டத்துக்குரிய விதிகளுள் தலையாயது, அனுப்பிய நகர்வு அனுப்பியதே என்பது. பலகைமுன் இருப்பவர் காயைத் தொட்டுவிட்டுக் கையை எடுக்காமல் இன்னொரு கணம் தயங்கலாம். தபாற்பெட்டியின் வாயில் விழுந்த கடிதத்தை அப்படித் தடுத்து நிறுத்த வழியில்லை. இரண்டாவது விதி மேலும் நுட்பமானது. நூல்களைப் புரட்டிப் பார்க்கலாம், காய்களை நகர்த்தி நகர்த்திச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் தனியாள் ஆடும் ஆட்டத்தில் பிறர் ஒருவரிடம் யோசனை கேட்கலாகாது. இதனைக் கண்காணிப்பவர் யார்? எவரும் இலர். ஆடுவோரின் நேர்மை ஒன்றே காவல். பாடசாலையிலே பரீட்சை மண்டபத்தை ஆண்டுக்காண்டு மேற்பார்வை செய்து பழகிய எனக்கு, மேற்பார்வையாளர் இல்லாத இப்பரீட்சையின்மேல் தனியொரு மதிப்பு உண்டு.

இம்முறை எப்பொழுது தோன்றிற்று என்பதில் கதை வேறு, வரலாறு வேறு. பிரஷ்ய நாட்டு மன்னர் இரண்டாம் பிரடெரிக்கும் பிரெஞ்சு அறிஞர் வோல்ட்டேயரும் கடித வாயிலாகச் சதுரங்கம் ஆடினர் என்று ஒரு கதை வழங்குகின்றது. கேட்க இனிமையானது, ஆயினும் அதற்குச் சான்றாக ஓர் ஆட்டமேனும் எஞ்சவில்லை. எழுத்திலே கிடைக்கும் பழைய ஆட்டங்கள் 1804 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஒல்லாந்து நாட்டில் ஹேக் நகரிலிருந்த மொவில்லோன் என்னும் படை அதிகாரி, பிரேடா நகரிலிருந்த மற்றோர் அதிகாரியுடன் ஆடியவை அவை.

தனியார் இருவரின் பொழுதுபோக்காக இருந்த இவ்வாட்டம் நகரங்களின் கௌரவப் பிரச்சினையாக மாறியது 1824 ஆம் ஆண்டிலே. அவ்வாண்டு ஏப்ரலில் எடின்பரோ சதுரங்கக் கழகமும் இலண்டன் சதுரங்கக் கழகமும் கடிதப் போட்டியில் இறங்கின. ஐந்து ஆட்டங்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடித்து 1828 யூலையில் முடிவுற்றன. எடின்பரோ இரண்டிலும் இலண்டன் ஒன்றிலும் வென்றன. இரண்டு சமநிலை அடைந்தன. எடின்பரோக் கழகம் தொடங்கி இரண்டே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன என்பதை நினைத்தால் இவ்வெற்றியின் பெருமை விளங்கும். இன்றுவரை ஸ்கொட்லாந்து ஆட்டம் என வழங்கும் தொடக்கமுறைக்கு அப்பெயர் வந்தது இப்போட்டியினாலேயாம். அடுத்து 1834 முதல் 1836 வரை பாரிசும் இலண்டனும் இவ்வாறே மோதின. பாரிசு இரு ஆட்டங்களிலும் வென்றது. பிரெஞ்சுத் தற்காப்பு என்ற பெயர் அப்போட்டி தந்தது. சதுரங்க நூல்களிலே நாட்டுப் பெயர்களைத் தாங்கி நிற்கும் தொடக்கங்கள் பலவற்றின் பின்னால் ஒரு தபாற்காரர் நிற்கின்றார் எனலாம்.

எடின்பரோப் போட்டியிலே ஒரு நிகழ்ச்சி. இலண்டன் கழகத்தார் ஓர் ஆட்டத்தில் ஒரு நகர்வை அனுப்பிவிட்டனர். கடிதம் புறப்பட்ட பின்னரே அது பிழையென்பது புலப்பட்டது. அதனை மீளப்பெற விரும்பி அடுத்த தபாலிலேயே இன்னொரு கடிதம் விடுத்தனர். எடின்பரோவார் இணங்கவில்லை, அனுப்பியது அனுப்பியதே என்று நின்றுவிட்டனர். இது கடுமை என்று சொல்வார் உளர். எனக்கோ அவர்கள் செய்தது சரியென்றே தோன்றுகின்றது. ஒரு கடிதத்தைத் திரும்பப்பெற அனுமதித்தால் நாலாவது ஆண்டிலும் முதலாவது ஆட்டம் முடிந்திராது.

இனிச் சென்னைக்கு வருவோம். எடின்பரோவும் இலண்டனும் தம் போட்டியை முடித்த அதே 1828 ஆம் ஆண்டிலேதான் சென்னையும் ஐதராபாத்தும் தம் போட்டியைத் தொடங்கின. ஐதராபாத் நிஜாம் மன்னரின் தலைநகரம். அங்கே கும்பினியாரின் பிரதிநிதி மாளிகையும், அணித்தே செக்கந்தராபாத்திற் பெரும் படைமுகாமும் இருந்தன. சென்னையிலோ 1786 ஆம் ஆண்டு தொட்டுப் பொதுத் தபாற்கந்தோர் நடைபெற்று வந்தது. ஆயினும் அந்நாளில் இந்தியாவிலே முத்திரை ஒட்டிய கடிதம் இல்லை, புகையிரதம் இல்லை, தந்தி இல்லை. தபாற்பையைத் தோளிலே தூக்கிக்கொண்டு ஓட்டக்காரர் ஓடுவர். சில மைல் தூரம் சென்றதும் பையை அடுத்தவரிடம் ஒப்புவிப்பர். அவர் அங்கிருந்து ஓடுவார். இரவிலே தீப்பந்தம் ஏந்துவோர் உடன் செல்வர்.

சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் தரைவழித் தூரம் ஏறக்குறைய 400 மைல். ஓட்டக்காரர் மணிக்கு 4 மைல் வீதம் இரவு பகலாக இடையறாது சென்றாலும் ஒரு கடிதம் சேர நாலு நாளுக்கு மேலாகும். இடையிலே பெண்ணையாறு என்னும் வடபெண்ணையும் கிருஷ்ணையும் குறுக்கிடுகின்றன. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகினால் பரிசல் செல்லாது. பை கரையிலே காத்திருக்கும். வெள்ளம் இல்லாத நாளென்றே கொண்டு கணக்கிட்டாலும், ஒரு நகர்வு சென்று மறுநகர்வு வர எட்டு நாளுக்குக் குறையாது. முப்பது நகர்வு கொண்ட ஆட்டத்துக்கு அவ்வாறே பெருக்கிப் பாருங்கள்: யோசிப்பதற்கு ஒரு நாளும் செலவிடாவிட்டாலுங்கூட எட்டு மாதம். ஆட்டம் ஓராண்டிலிருந்து மற்றோர் ஆண்டுக்குத் தாண்டியதில் வியப்பு ஏதும் இல்லை. கிருஷ்ணை நதியை நீந்தியும் நடந்தும் கடந்த அந்த ஓட்டக்காரருள் எவருக்கேனும் தம் பையிலே ஒரு குதிரையும் ஒரு மந்திரியும் பயணஞ் செய்கின்றன என்பது தெரிந்திருக்குமா?

இவ்விடத்தில் ஒன்றை விளக்கவேண்டும். சதுரங்கம் பாரத நாட்டிலே பிறந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சென்றது என்பதை ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வர். சென்ற ஆட்டம் அங்கே மாறிவிட்டது. நம் நாட்டிலே தங்கிய ஆட்டம் வேறு வழியில் வளர்ந்தது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆங்கிலேயரும் நம்மவரும் ஒரே பலகைமுன் அமர்ந்தாலும், இருவரும் அறிந்த ஆட்டம் ஒன்றன்று. ஐரோப்பிய முறையிலே காலாள் தன் முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லலாம். நம் முறையிலே ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பியர் அரசனையும் கோட்டையையும் ஒரே நகர்வில் இடம்மாற்றிக் காவல் செய்வர். நம் முறையிலே அது கிடையாது. அதற்கு ஈடாக, எதிரியின் தாக்குதலுக்கு அதுவரை ஆளாகாத அரசன் ஆட்டத்தில் ஒருமுறை குதிரையைப் போலப் பாய்ந்து செல்லலாம். எதிர்க்கரை சேர்ந்த காலாள் அங்கே விரும்பிய காயாக மாறும். இங்கே பொதுவாக அந்த நிரலுக்குரிய காயாகவே மாறும். இடத்துக்கிடம் சிறுசிறு வேறுபாடுகளும் இருந்தன.

ஆகவே இரு முறைக்கும் இடையே பாலம் அமைப்போர் தேவைப்பட்டனர். 1814 இல் பம்பாயிலே திருவேங்கடாச்சாரிய சாத்திரி என்பவர் சமஸ்கிருத மூலத்திலிருந்து ஆங்கிலத்திற் பெயர்த்து ஒரு சதுரங்க நூலை வெளியிட்டார். ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைக்கப்பட்டது என்று அதன் தலைப்பே சொல்லும். சிறந்த நூல்தான். ஆனால் அதிலே பெரும்பகுதி நிலைமைப் புதிர்கள். இன்ன கட்டத்தில் இன்ன காய் நிற்கின்றது, இத்தனை நகர்வில் எதிரி அரசனை வீழ்த்துக என்ற வகை. மாணவனின் அறிவைத் தீட்ட அவை உதவும். அவற்றைக் கொண்டு, ஒருவர் முதல் நகர்வு தொட்டு இறுதி வரை எவ்வாறு ஆடினார், எங்கே துணிந்தார், எங்கே தடுமாறினார் என்பதை அறிய முடியாது.

இங்கேதான் கடிதம் செய்த பேருதவியை நாம் காண்கின்றோம். நம் அரண்மனைகளிலும் அக்கிரகாரங்களிலும் சந்தை முகப்புகளிலும் எத்தனை தலைமுறையாகச் சதுரங்கம் ஆடப்பட்டிருக்கும்! எத்தனை மேதைகள் வந்து போயிருப்பர்! அவர்கள் ஆடிய ஆட்டங்கள் எங்கே? காய்களைப் பையிலிட்டு முடிச்சுப் போட்டதோடு அவையும் மறைந்தன. இத்தாலியரான கிரேக்கோ 1620 ஆம் ஆண்டையொட்டியே தம் ஆட்டங்களை ஏட்டிலே எழுதிவைக்கத் தொடங்கிவிட்டார். நம்மவர் ஆடினர், வென்றனர், எழுந்து போயினர். எழுதிவைப்பதிலே நமக்குள்ள சோம்பல் சதுரங்கத்தோடு மட்டும் நின்றதன்று. அதைப் பேசப் புகுந்தால் இன்று நேரம் போதாது.

கடித ஆட்டத்திலோ எழுதாமல் ஆட வழியே இல்லை. ஒவ்வொரு நகர்வும் தாளிலே மையாகப் பதிந்தே பயணஞ் செய்யவேண்டும். ஆட்டம் முடியும்போது அதன் வரலாறும் தானாகவே எழுதி முடிந்துவிடுகின்றது. குலாம் காசிம் சென்னையிலே நண்பர்களோடு நேரில் ஆடிய ஆட்டங்கள் எத்தனையோ இருக்கும். அவை காற்றோடு போயின. ஐதராபாத்துக்கு எழுதிய இரண்டே ஆட்டங்கள் அச்சேறி, இன்றும் எவரும் பலகையில் வைத்து ஆடிப் பார்க்கத்தக்கனவாய் நிற்கின்றன. தென்னாட்டுச் சதுரங்க வரலாற்றிலே பெயரும் ஆட்டமும் ஒருங்கே கிடைத்தவருள் அவர் மிக முற்பட்டவர். தபால் இல்லையேல் அவர் இல்லை.

இதற்கு ஒப்பான செய்தி வங்காளத்திலும் உண்டு. அதைச் சொல்லுமுன் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவைப்பது நலம். சென்னை நூலின் ஜேம்ஸ் கொக்கிரன் வேறு. கல்கத்தாவில் வாழ்ந்த ஜோன் கொக்கிரன் வேறு. ஒரே குடிப்பெயர், ஒரே நாடு, ஒரே விளையாட்டு. ஆதலால் எழுதுவோர் சிலர் இருவரையும் ஒருவராக்கிவிடுகின்றனர். ஜோன் கொக்கிரன் வழக்கறிஞர். எடின்பரோவுக்கு எதிரான கடிதப் போட்டியில் இலண்டன் அணியிலே முதலில் இருந்தவர். போட்டி தொடங்கிய 1824 ஆம் ஆண்டிலேயே அதனை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். இடையிற் சிறிது காலம் நீங்கலாக 1869 வரை கல்கத்தாவிலே தங்கினார். அங்கே மகேஷ் சந்திர பானர்ஜி என்னும் வங்காளி அவருடைய இடைவிடாத எதிராளியானார். பானர்ஜி காலாள்களை மெதுவாக முன்னேற்றி, மந்திரியைப் பக்கவாட்டிலே நிறுத்தி ஆடிய முறை ஐரோப்பியருக்குப் புதுமையாக இருந்தது. காலாளை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தும் நாட்டு முறையின் சாயல் அதிலே தெரிகின்றது என்று கருதுவோர் உண்டு. இந்தியத் தற்காப்பு என்ற பெயர் வழக்கில் வந்தது அந்த ஆட்டங்களால். கொக்கிரன் அவற்றைக் குறித்துவைத்தமையாலேதான் அவை பிழைத்தன; இலண்டன் சதுரங்க இதழிலும் வெளிவந்தன. பானர்ஜியின் புகழ் எதிராளியின் பேனாவைச் சார்ந்திருந்தது. குலாம் காசிமோ தம் ஆட்டத்துக்குத் தாமே உரை எழுதினார். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

ஹந்தானைச் சாரலிலே வாழும் எமக்கு இந்தத் தபாற்கதை அந்நியமானதன்று. சென்னையும் ஐதராபாத்தும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைந்துகொண்டிருந்தது. கண்டி இராச்சியம் 1815 இல் வீழ்ந்தபின் மலைநாட்டை எட்டிப்பிடிக்க ஆங்கிலேயருக்குத் தெரு இன்றியமையாததாயிற்று. அத்தெருவை அமைத்த கப்டன் டோசன் 1829 இல் இறந்தார்; கடுகண்ணாவையிலே அவர் நினைவாக எழுந்த கோபுரம் இன்றும் நிற்கின்றது. 1832 இல் அத்தெருவிலே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஆசியாவிலேயே அத்தகைய சேவை அதுவே முதலாவது என்பர். 1857 ஏப்ரல் முதலாந் திகதி இலங்கையின் முதல் முத்திரை வெளிவந்தது. அதன் விலை ஆறு பென்ஸ். 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது.

இவற்றுக்கிடையே 1824 இல் கம்பளையை அடுத்த சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், அடுத்த ஆண்டு கன்னொறுவையில் தேசாதிபதி பார்ன்ஸும் கோப்பிப் பயிரைத் தொடங்கினர். அதனைத் தொடர்ந்தே தென்னாட்டிலிருந்து எம் முன்னோர் கால்நடையாக இம்மலைகளுக்கு வந்தனர். ஊரிலே ஒரு குடும்பம், தோட்டத்திலே ஒரு குடும்பம், இடையே கடல். தோட்டக் கந்தோருக்குரிய பையை எடுத்துவர நாள்தோறும் ஒருவர் மலையிறங்கி ஏறுவார். தப்பாற்காரர் என்று அவரைச் சொல்வர். அவர் வரும் வேளையிலே லயத்து வாசலில் கண்கள் காத்திருக்கும். ஒரு கேள்விக்கு விடை பெற மாதக்கணக்காகக் காத்திருப்பதும், அதுவரை அக்கேள்வியை மனத்திலே பலகைபோல் விரித்து வைத்திருப்பதும் இங்குள்ளோர்க்குப் பழகிப்போன காரியம். ஊரிலே தாய்க்கு நோய் என்ற கடிதம் வந்து சேரும்போது அந்நோய் தீர்ந்தும் இருக்கலாம், வேறொன்று நேர்ந்தும் இருக்கலாம். இரண்டு பலகைகள் மாறுபட்டு நிற்கும் நாட்கள் என்று முன்னர் சொன்னேனே, அதன் வேதனையைச் சதுரங்கம் அறியாத எம் பாட்டிமாரும் அறிந்திருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டிலே கடிதச் சதுரங்கம் உலகளாவிய ஒழுங்கைப் பெற்றது. 1951 இல் சர்வதேசக் கடிதச் சதுரங்கக் கூட்டமைப்பு அமைந்தது. நாம் நண்பர்கள் என்று பொருள்படும் இலத்தீன் தொடரை அது தன் குறிக்கோளாகக் கொண்டது. முதலாவது உலக வாகையர் பட்டத்தை 1953 இல் வென்றவர் அவுஸ்திரேலியரான பேடி. பத்து நகர்வுக்கு முப்பது நாள் என்பது பொதுவான கால எல்லையாயிற்று. கடிதம் வழியில் இருக்கும் நாள் கணக்கிற் சேராது. தபாற்கந்தோரின் நாள்முத்திரையே சாட்சி. மொழி தெரியாதவரும் ஆடுதற்பொருட்டு நகர்வை எண்ணாலே எழுதும் வழக்கம் வந்தது. நிரல்களுக்கு 1 முதல் 8 வரை எண், கட்டங்களுக்கும் அவ்வாறே. 5254 என்று எழுதினால், ஐந்தாம் நிரலின் இரண்டாங் கட்டத்துக் காய் அதே நிரலின் நாலாங் கட்டத்துக்குச் செல்கின்றது என்பது பொருள். தமிழனும் உருசியனும் ஒரு சொல்லும் பேசாமல் ஈராண்டு உறவாட இது போதும்.

வெறும் நாலு இலக்கம் எழுதிய தபாலட்டை பிறர் கண்ணுக்கு எப்படித் தோன்றும்? இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கத் தணிக்கையாளர் வெளிநாட்டுத் தபாலிலே சதுரங்க நகர்வுகள் செல்வதைத் தடைசெய்தனர். உளவாளியின் சங்கேதம் எது, குதிரையின் பாய்ச்சல் எது என்று பிரித்தறிய அவர்களுக்கு ஓய்வில்லை. அரசுகளைவிட ஆட்டம் நீண்டு நின்ற வேடிக்கையும் ஒன்றுண்டு. 1987 இல் தொடங்கிய கடிதச் சதுரங்க ஒலிம்பியாட் இறுதிச்சுற்று 1995 இலேதான் முடிந்தது. முதலிடம் சோவியத் ஒன்றியத்துக்கு. வெண்கலப் பதக்கம் கிழக்கு ஜேர்மனிக்கு. சோவியத் ஒன்றியம் 1991 இலும் கிழக்கு ஜேர்மனி 1990 இலும் இல்லாது போய்விட்டன. கொடியிறக்கிய நாட்டின் பெயரால் வீட்டிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர் அவ்வாட்டக்காரர்.

இப்பொழுது நகர்வுகள் மின்வலை வழியே செல்கின்றன. கணிப்பொறியின் துணையையும் அக்கூட்டமைப்பின் விதி அனுமதிக்கின்றது. அதனால் உயர்மட்டத்து ஆட்டங்களிற் பெரும்பாலானவை சமநிலையில் முடிகின்றன. இதுபற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. தபாற்காரர் கொண்டுவந்த பிழைகளில் இருந்த சுவை அதிலே எனக்குத் தென்படவில்லை.

குலாம் காசிம் 1844 இலே காலமானார். அவர் பெயரை உலகெங்கும் சதுரங்க நூல்கள் இன்றும் தாங்கி நிற்பது ஒரேயொரு நகர்வின் பொருட்டு. வீட்டிலே பலகை உள்ள நேயர்கள் காய்களை அடுக்கிக்கொண்டால் அதனைக் கண்ணாரக் காணலாம்.

வெள்ளையர் அரசன்முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் நகர்த்துகின்றார். கறுப்பரும் அவ்வாறே செய்கின்றார். வெள்ளையர் அதற்கு வலப்பக்கத்துக் காலாளை இரண்டு கட்டம் முன்தள்ளிப் பலியாக நீட்டுகின்றார். கறுப்பர் அதனை வெட்டுகின்றார். இப்படிக் காயைத் தாமே நீட்டி வேகத்தை விலைக்கு வாங்குவதையே மேனாட்டார் காம்பிட் என்பர். வெள்ளையர் அரசன் பக்கத்துக் குதிரையை, பலிகொடுத்த காலாள் நின்றிருந்த நிரலில் மூன்றாங் கட்டத்துக்குக் கொண்டுவருகின்றார். கறுப்பர் தாம் வென்ற கட்டத்திலுள்ள காலாளைக் காக்க, அடுத்த நிரலின் காலாளை இரண்டு கட்டம் தள்ளுகின்றார். வெள்ளையர் மந்திரியை வெளியே எடுத்து, எதிரி அரசனை ஒட்டி நிற்கும் காலாளைக் குறிவைக்கின்றார். கறுப்பர் முன்பு தள்ளிய காலாளை இன்னுமொரு கட்டம் தள்ளிக் குதிரையின் கழுத்திலே கத்தியை வைக்கின்றார்.

இப்பொழுது குதிரை ஓடவேண்டும் என்றே புதியவர் எண்ணுவர். முசியோ காம்பிட்டிலே குதிரை ஓடாது. அது போகட்டும் என்று விட்டுவிட்டு, வெள்ளையர் அரசனையும் கோட்டையையும் இடம்மாற்றித் தாக்குதலுக்கு வழிதிறக்கின்றார். இந்த முசியோ யார்? இத்தாலியரான சால்வியோவின் 1634 ஆம் ஆண்டு நூலில் இத்தொடக்கம் வருகின்றது. கஸ்சியோ என்பவர் ஆடியதைத் தாம் கண்டதாக முசியோ என்பவர் சால்வியோவிடம் கூறினாராம். 1813 இலே அந்நூலை ஆங்கிலத்திற் பெயர்த்த சாரட், பார்த்தவரையே ஆடியவர் என்று கொண்டுவிட்டார். ஆடியவர் பெயர் மறைந்தது. வேடிக்கை பார்த்தவர் பெயர் நிலைத்தது.

குலாம் காசிமின் பெயர் அவ்வாறு தவறி வந்து ஒட்டிக்கொண்டதன்று; ஆடியும் ஆராய்ந்தும் எழுதியும் பெற்றது. அவருக்குரிய முறையிலும் குதிரை ஓடுவதில்லை. ஆனால் அரசனை ஒளிப்பதற்குப் பதிலாக, அரசியின்முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் முன்னே செலுத்தவேண்டும். பலகையின் நடு வெள்ளையர் வசமாகின்றது. பின்னால் அடைபட்டிருந்த மற்ற மந்திரிக்குக் கதவு திறந்து, கறுப்பர் காத்துநின்ற அந்தக் காலாளின்மேல் அதன் பார்வை விழுகின்றது. கறுப்பர் குதிரையை வெட்டுவார். வெள்ளையர் அரசியைக் கொண்டு, வெட்டிய அக்காலாளை வெட்டவேண்டும். இனிக் கறுப்பரின் முறை. ஐதராபாத்துக்குக் கடிதம் போய்ச் சேர நாலு நாளுண்டு.